மூன்றாம் பக்கம் முழுவதும் அடிக்கப்பட்டது

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் எங்களை முகத்துக்கு நேராக அப்படிச் சொல்வதில்லை. "தங்கமான மனுஷன், எந்த வம்புக்கும் போக மாட்டார்" என்றுதான் சொல்வார்கள். அந்தத் தங்கமான மனுஷன் பட்டத்தை நான் பல வருடங்கள் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தேன். ஒருநாள் கல்லூரியே கூடியிருந்த அரங்கில், மைக்கில், பக்க எண் வரி எண்ணோடு அது பறிபோனது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில், முந்திரிக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். (கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கிருந்து எனக்கு இன்னும் ஓர் அனுபவச் சான்றிதழ் வர வேண்டியிருக்கிறது.) வருடா வருடம் புதுப்பிக்கப்படும் வேலை. ஏப்ரல் வந்தால் முதல்வர் "பார்ப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பி ஜூன் மாதம் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தாளாளரின் கார் காலியாக நின்றால்கூட அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கடப்பேன். உள்ளே யாராவது படுத்திருந்தால்?

என் ஆராய்ச்சி கண்மாய்களைப் பற்றியது. பழைய கண்மாய்களின் மடைகளில் நட்டுவைத்த கற்களையும் அவற்றில் இருக்கும் எழுத்துகளையும் தேடி, ஆலங்குடியில் ஆரம்பித்துக் குடுமியான்மலைப் பக்கம் வரை ஒரு மொபெட்டில் சுற்றிக்கொண்டிருந்தேன். மாவட்டம் முழுக்கத் தேடியவனுக்கு, ஒரு மாலையில் கல்லூரிக் கூடைப்பந்துக் கம்பத்துக்குப் பின்னால், காலில் இடித்துக் கிடைத்தது ஒரு கல். பாதி மண்ணுக்குள் இருந்தது. துடைத்துப் பார்த்தால் எழுத்து. இன்னார் இந்தக் குளத்துக்கு இந்த மடையைக் கட்டிவைத்தார் என்று கல்லே சொல்கிறது. மடை இருந்தால் கண்மாய் இருந்திருக்க வேண்டுமே, அது எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தேன். கண்மாயைத் தூர்த்துப் போட்ட எங்கள் கல்லூரி மைதானம்!

சந்தோஷம் தாங்காமல், கல்லூரிக் கருத்தரங்கில் வாசிப்பதற்காக இதைக் கட்டுரையாக எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர். எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ஓய்வுபெற வேண்டும் என்பதைத் தவிர வேறு கெட்ட எண்ணம் இல்லாதவர். கட்டுரையைப் படித்துவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"முத்துக்கருப்பன், கட்டுரை பிரமாதம்யா. ஆனா இந்தக் கண்மாயைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வைக்க முடியுமா?"

"கண்மாயைங்களா சார்?"

"கட்டுரையிலய்யா!"

நான் கல்லைத் தள்ளினாலும் எழுத்து தள்ளிப் போகாது என்று சொல்லியிருக்கலாம். "பார்க்கிறேன் சார்" என்றேன். அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது என் பெயரே இல்லை. நேரமின்மை என்றார்கள். "பரவாயில்லைங்க சார்" என்று சொன்னதோடு, கருத்தரங்கு அன்று வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். மறுவாரம் மூன்றாம் ஆண்டு வகுப்பில், வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கல்லின் கதையைத் தணிந்த குரலில் மாணவர்களிடம் சொன்னேன். என் புரட்சி அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் முன் பெஞ்சில் இருந்தவள் ஜெயமேரி. ஆவூர்ப் பக்கத்துப் பெண். விடுதியில் தங்கிப் படித்தாள். அப்பா ஆரோக்கியசாமி பத்திர எழுத்தர். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு, ஊராரின் நிலத்துக்கும் வீட்டுக்கும் கிரயப் பத்திரம் எழுதுகிறவர். பள்ளி விடுமுறையெல்லாம் அப்பாவின் மேசையருகே உட்கார்ந்து, அவர் எழுதிய நகலை உரக்கப் படித்துச் சரிபார்த்து வளர்ந்தவள். வகுப்பில் குறிப்பெடுத்தால் வாத்தியார் இருமியதைத் தவிர எல்லாம் அதில் இருக்கும். இதை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அந்த வருடம் எல்லாக் கல்லூரிகளிலும் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேச்சுப்போட்டி நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"கருத்துச் சுதந்திரம் நல்ல தலைப்புதான்யா. ஆனா எவனும் கருத்து கிருத்து சொல்லிரக் கூடாது. எல்லாப் பிள்ளைகள் எழுதுனதையும் நீங்க வாங்கிப் பார்த்து, அடிக்கிறதை அடிச்சிருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

முதலில் ஒரு பேராசிரியரைத்தான் நடுவராக அழைத்திருந்தார்கள். அவர் எதையாவது பேசிவிடுவார் என்று தாளாளருக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் தனக்குப் பழக்கமான, ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவரை அழைத்து வரச் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் பத்திரம் பதிந்தவர், பேச்சுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, ஆபத்தில்லாத ஆள் என்று எல்லோரும் நிம்மதியானோம்.

பிள்ளைகள் எழுதிக் கொடுத்தவற்றை ஆசிரியர் அறையில் வைத்துத் திருத்தினேன். மற்றவர்கள் பாதுகாப்பாகப் பண்டைக் கிரேக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஜெயமேரி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில், "நம் விடுதியில் செய்தித்தாள் சாயங்காலம்தான் கிடைக்கிறது, அதுவும் வார்டன் குறுக்கெழுத்தை நிரப்பிய பிறகு" என்று இருந்தது. 'நம் விடுதியில்' என்பதை அடித்துவிட்டு, 'சில நாடுகளில்' என்று மாற்றினேன். (என் மூளை அப்போது அவ்வளவு வேகமாக வேலை செய்தது.)

மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அந்தக் கல் அங்கே இருந்தது. நான் தணிந்த குரலில் சொன்ன கதை, குண்டு குண்டான எழுத்தில், ஒரு பக்கம் முழுக்க. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "எங்கள் சார் கண்டுபிடித்ததை எங்கள் சாரால் சொல்ல முடியவில்லை. அவர் எங்களிடம் சொல்லும்போதும் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாத்தியார் வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினால், நாங்கள் எதைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதுவது?"

அதுவரை எனக்காக யாரும் ஒரு வரி எழுதியதில்லை. கண் கலங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த வணிகவியல் துறை கோமதி, "என்ன சார்?" என்றார். "விடைத்தாள் தூசி" என்றேன். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு கோடு போட்டேன். என் பாடத்தை நானே அடித்தேன். அடித்து முடித்த கை சும்மா இருந்திருக்கலாம். நல்ல பதிலைப் பார்த்தால் ஓரத்தில் எழுதிப் பழகிய கை. அது பாட்டுக்கு 'மிக அருமை' என்று எழுதிவிட்டது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இந்தப் பக்கம் மட்டும் வேணாம்மா. கோவமா?"

"இல்லைங்க சார். அடிச்சதை அடிச்சதாச் சொல்லிட்டாப் போதும்ல சார்?"

தோழிகளிடம் சொல்லிப் புலம்பப் போகிறாள் போலிருக்கிறது, அதையாவது தடுக்காமல் இருப்போம் என்று நினைத்தேன்.

"சொல்லிக்க, சொல்லிக்க" என்றேன்.

விழா அன்று முதல் வரிசையில் தாளாளர், முதல்வர், நடுவில் சால்வையோடு சார்பதிவாளர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார்கள். பண்டைக் கிரேக்கம் மூன்றாவது முறையாக வந்தபோது சார்பதிவாளர் கண்ணை மூடிவிட்டார். கடைசியாக ஜெயமேரி. நன்றாகப் பேசினாள். 'சில நாடுகளில்' செய்தித்தாள் தாமதமாக வருவதைச் சொன்னாள். மூன்றாம் பக்கத்தைப் புரட்டி நாலாம் பக்கத்துக்குப் போனாள். "நன்றி, வணக்கம்" என்றாள். கைதட்டல். நான் மூச்சு விட்டேன்.

அவள் மைக்கை விட்டு நகரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு ஒரு குரலில், ராகம் இல்லாமல் ஆரம்பித்தாள்.

"அடித்தல் திருத்தல் விவரம்."

தூங்கிக்கொண்டிருந்த சார்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருடப் பழக்கம் எழுப்பிவிட்டது.

பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தாலும் திருத்தினாலும், எந்தப் பக்கம், எந்த வரி, என்ன மாற்றம் என்று கடைசியில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வில்லங்கம். இது எனக்குத் தெரியாதா? என் அப்பா வாங்கிய அரை ஏக்கர் கடலைக் கொல்லையின் பத்திரத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு பேச்சுப்போட்டியில் அதை வாசிக்க ஒரு பிறவி இருக்கும் என்று நான் கண்டேனா?

"இந்த உரையின் இரண்டாம் பக்கம், நாலாம் வரியில், 'நம் விடுதியில்' என்ற வார்த்தைகள் அடிக்கப்பட்டு, 'சில நாடுகளில்' என்று திருத்தப்பட்டுள்ளன."

விடுதிப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கூரை பிய்த்துக்கொண்டது. வார்டன் எழுந்து நின்று, ஏன் நின்றோம் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

"மூன்றாம் பக்கம் முழுவதும் அடிக்கப்பட்டது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் 'மிக அருமை' என்று எழுதப்பட்டுள்ளது. அடித்தவர், வரலாற்றுத் துறை விரிவுரையாளர் முத்துக்கருப்பன் அவர்கள். 'மிக அருமை' என்று எழுதியவரும் மேற்படியாரே."

சிரிப்பில் மைக் கீச்சிட்டது. நான் நாற்காலிக்குள் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கியிருந்தேன். முதல்வர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார்பதிவாளர் மேடைக்கே ஏறிவிட்டார்.

"யார் பொண்ணும்மா நீ?"

"பத்திர எழுத்தர் ஆரோக்கியசாமி மகளுங்க ஐயா. நீங்க வாரீங்கன்னு சொன்னாங்க. ஒங்க முன்னாடி விவரம் சொல்லாம வாசிச்சா அப்பாவுக்குல்ல கெட்ட பேரு."

"அதானே பார்த்தேன். சரி, விவரம் இருக்கு. மேற்படியார் கையெழுத்து எங்க?"

அப்போதுதான் முதல்வர் எழுந்தார். "ஐயா, அப்படியெல்லாம் நம்ம காலேஜ்ல யாரும் அடிக்கிறதில்லைங்க. பிள்ளை ஏதோ தானா எழுதிக்கிட்டு வந்து சொல்லுது" என்றார். தாளாளரும் தலையாட்டினார்.

அரங்கில் சிரிப்பு நின்றுவிட்டது. சார்பதிவாளரின் முகம் மாறியது. "அப்பன் பேரைச் சொல்லிட்டு பொய் விவரமா வாசிச்ச?" என்று கேட்டார். ஜெயமேரி என்னைக் கைகாட்டவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. அடுத்த நிமிடமே விசாரணை, விடுதியிலிருந்து நீக்கம், ஆரோக்கியசாமியை வரச்சொல்லித் தந்தி கணக்காக ஒரு போன் என்று எல்லாம் எனக்குக் கண்ணில் ஓடியது. அந்தப் பெண் இதுவரை பொய்யே எழுதியதில்லை. எழுதத் தெரியாது.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. எழுந்ததைக் கல்லூரி நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது, ஏனென்றால் போகிற வழியில் மைக் வயரில் கால் சிக்கி, மேடையேறியதில் பாதி தவழ்ந்துதான். "நான்தாங்க மேற்படியார்" என்றேன். அது மைக்கில் விழுந்தது. கையெழுத்துப் போட்டேன். சார்பதிவாளர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"ஒத்தக் கோடுதான் போட்டிருக்கீங்க. நல்ல காரியம். அடிச்ச வாசகம் கண்ணுக்குத் தெரியணும். என்னத்தை அடிச்சோம்னு தெரிஞ்சாத்தான் சாட்சி." சொல்லிவிட்டு, யார் தடுப்பதற்கும் முன்னால், மூன்றாம் பக்கத்தை மைக்கில் படிக்க ஆரம்பித்தார்.

கிரயப் பத்திரம் படிக்கிற அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கூடைப்பந்துக் கம்பத்துக்குத் தெற்கே கல். கல்லில் எழுத்து. எழுத்தில் மடை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னது, அரங்கின் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது. 'வாத்தியார் வாசலைப் பார்த்துக்கொண்டே' என்ற இடம் வந்தபோது என்னால் எங்கும் பார்க்க முடியவில்லை. வாசலைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்க்க முயன்றேன். அவமானமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

படித்து முடித்துத் தாளை மடித்த சார்பதிவாளர், மைக் இருப்பதை மறந்து தாளாளரைப் பார்த்தார்.

"ஏன்யா, ஒரு தூத்தல் போட்டாலே ஒங்க கிரவுண்டுல ஏன் முழங்காத் தண்ணி நிக்குதுன்னு எனக்கு இப்பல்ல வெளங்குது!"

தாளாளரே சிரித்துவிட்டார். பிறகு சிரித்தோமே என்று வருந்தினார். முதல் பரிசு ஜெயமேரிக்கு. எவர்சில்வர் டிபன் கேரியர்.

விழா முடிந்ததும் முதல்வர் அறையில் தாளாளர் என்னை நிற்க வைத்தார். "ஒங்களை யாரு அடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். முதல்வர் மறுபடியும் மின்விசிறிக்குப் போய்விட்டார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"நானாத்தாங்க அடிச்சேன் ஐயா."

"சரி, அடிச்சீங்க. அப்புறம் எதுக்கு மிக அருமைன்னு எழுதுனீங்க?"

நேரமின்மை, கைத்தவறுதல், பழக்கதோஷம் என்று மூன்று நல்ல பொய்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் மேடையில் நின்ற அந்தப் பெண்ணின் உதடும் கண்ணுக்குள் நின்றது.

"அருமையா இருந்துச்சுங்க ஐயா" என்றேன். ஒரு விக்கலோடு.

அந்த ஏப்ரலில் முதல்வர் "பார்ப்போம்" என்றுகூடச் சொல்லவில்லை. மேற்படியாரின் பணி புதுப்பிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் நானே செய்ததாக ஒப்புக்கொண்டதால் ஜெயமேரியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கடைசி நாள் பஸ் நிறுத்தத்தில் டிபன் கேரியரோடு வந்து நின்றாள். உள்ளே அவள் அம்மா செய்த அதிரசம்.

"சொல்லிக்கவான்னு கேட்டுத்தான சார் சொன்னேன். அந்த மிக அருமையை மட்டும் வாசிக்காம விட்டிருக்கலாம். ஆனா அதுவும் ஒங்க கையெழுத்துல இருந்துச்சே" என்று அழுதாள். நான் அதிரசத்தை வாயில் வைத்துக்கொண்டேன். பேசினால் நானும் அழுதுவிடுவேன் போல இருந்தது. பஸ் ஆலங்குடி வரும்வரை அந்தக் கேரியரை மடியில் வைத்திருந்தேன்.

இப்போது ஜெயமேரி ஓர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். நான் ஆலங்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறேன். கண்மாய்க் கட்டுரை பிறகு வேறிடத்தில் அச்சாகிவிட்டது, கண்மாயை அங்கிட்டுத் தள்ளி வைக்காமலே. 'விடைத்தாள் தூசி'யை அன்றே நம்பாத கோமதிதான் என் மனைவி. வேலை போன ஆளுக்கா பெண் கொடுப்பது என்று அவர் வீட்டில் கேட்டதற்கு, "பயந்த ஆளுதான்ப்பா. ஆனா மனசுல உள்ளதை ஓரத்துலயாவது எழுதிருவார்" என்று சொன்னாராம். அதிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் மேற்படியார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் தயிர்ச் சட்டியை இழுத்தால், "மிக அருமை, முழுவதும் அடிக்கப்பட்டது" என்பார். ஜெயமேரி வந்துவிட்டால் இருவரும் சேர்ந்து முழு நிகழ்ச்சியையும் நடித்துக் காட்டுவார்கள், விக்கல் உள்பட.

போன மாதம் எங்கள் மகள் பொன்னி, நான் இருக்கும் அதே பள்ளியில் பேசுவதற்காக ஒன்றை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். தலைப்பு, 'என் குடும்பம்'. இரண்டாவது வரியே இதுதான்: "எங்கள் அப்பா ரொம்பப் பயந்தவர். ஆனால் பொய்யாகக் கையெழுத்துப் போட மாட்டார்."

எங்கள் தலைமையாசிரியர் முதல் வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்பார். பழைய பயம் பழைய இடத்திலேயே பத்திரமாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியின் முதல் வாக்கியத்தை அடித்தேன். ஒற்றைக் கோடு. பிறகு ஓரத்தில் 'மிக அருமை' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

பொன்னி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, அப்ப இதையும் நான் மைக்ல வாசிப்பேன், தெரியும்ல?"

"சொல்லிக்க, சொல்லிக்க" என்றேன்.